வருடத்தில் ஒரு வாரம் மட்டும் பனிச்சறுக்குபவர் பருவத்துக்கு எப்படித் தயாராக வேண்டும்?

கேள்வியைச் சுருக்கமாகச் சொன்னால் இதுதான்: சுவிட்சர்லாந்தில் வாழும், நாற்பது வயதைக் கடந்த ஒருவர், பாடசாலைப் பனிச்சறுக்கு முகாமுக்குப் போய்ப் பழகிவிட்ட பிள்ளைகளோடு ஈடுகொடுப்பதற்காகத் தாமும் பிந்திக் கற்றுக்கொண்டார். எளிதான நீலப் பாதைகளில் தடுமாறாமல் இறங்குகிறார், நடுத்தரமான சிவப்புப் பாதைகளில் ஒருவாறு சமாளிக்கிறார். பெப்ரவரி விடுமுறையில் ஒரு வாரமும், மிஞ்சினால் இடையில் ஓரிரு ஞாயிற்றுக்கிழமைகளும்தான் அவருடைய பருவம். அதற்கு முன் என்னென்ன செய்ய வேண்டும், எதற்குப் பணம் செலவழிப்பது தகும் என்று கேட்கிறார். வாடகைக் கடையொன்றின் பட்டறையில் சில பருவங்கள் வேலை செய்தவன் என்ற முறையில் சற்று விரிவாகவே பதில் எழுதுகிறேன்.

முதலில் ஒன்றைத் தெளிவாக்கிக்கொள்ள வேண்டும். டிசம்பர் தொடங்கி ஒவ்வொரு வார இறுதியும் மலைக்குப் போகிறவர் சறுக்கிச் சறுக்கியே உடலைப் பழக்கிக்கொள்கிறார். ஒரு வாரம் மட்டும் போகிறவருக்கு அந்த வாய்ப்பு இல்லை. அவருடைய கால்கள் பழகத் தொடங்கும் நாளில் விடுமுறை முடிந்து, வாடகைப் பொருட்களைத் திருப்பிக் கொடுக்கும் நேரம் வந்துவிடும். ஆகவே அவருடைய ஆயத்தம் பெரும்பாலும் பனி விழுவதற்கு முன்பே, வீட்டிலும் ஊரிலும் நடந்தாக வேண்டும். என் கணிப்பில் அதன் வரிசை கால்கள், சப்பாத்து, பைண்டிங் (சப்பாத்தை ஸ்கீயோடு பிணைக்கும் பொறி), காப்புறுதி என்பதே. கடைக்குப் போனதும் எல்லோரும் முதலில் பார்க்கிற புதிய ஸ்கீ இந்த வரிசையின் கடைசியில் வருகிறது. பலருக்கு அது வேண்டியதே இல்லை.

கால்களைப் பற்றி எழுத நிறைய இருக்கிறது. பனிச்சறுக்கில் தொடைத் தசைக்கு விழும் வேலை, படியேறும்போது விழும் வேலையிலிருந்து வேறுபட்டது. ஒவ்வொரு திருப்பத்திலும் முழங்கால் மடங்க மடங்க, தொடையின் முன்தசை நீண்டுகொண்டே உடலின் பாரத்தைத் தாங்கிப் பிடிக்கிறது. சுருங்கிக்கொண்டு உழைக்கும் தசையைவிட இப்படி நீண்டுகொண்டு தாங்கும் தசையில்தான் நுண்ணிய சேதம் கூடுதலாக ஏற்படும். மறுநாள் தொடங்கி மூன்றாம் நாள் வரை ஏறிக்கொண்டே போகும் அந்தத் தசைநோவுக்கு அதுவே காரணம். கோடை முழுவதும் சைக்கிள் ஓடிய ஒருவர், நெஞ்சில் மூச்சு மிச்சமிருக்கத் தொடைகள் மட்டும் எரிந்து உட்கார்ந்துவிடுவதும் இதனால்தான். சைக்கிளில் அந்த வகை உழைப்பு ஏறக்குறைய இல்லை. ஆனால் தசைக்கு நமக்குச் சாதகமான ஒரு குணமும் உண்டு. ஒருமுறை அவ்வாறு உழைத்து நொந்து தேறிய தசை, அடுத்த சில வாரங்களுக்கு அதே உழைப்பை மிகக் குறைந்த நோவுடன் தாங்கிக்கொள்ளும்.

இதிலிருந்து கிடைக்கும் பாடம் எளியது: இறங்கிப் பழகுங்கள். சூரிச்சில் இருப்பவர் ஊற்லிபெர்க் குன்றுக்கு ரயிலில் ஏறி நடந்து இறங்கலாம். பேர்னில் இருப்பவர் குர்ட்டன் குன்றுக்கு இழுவை ரயிலில் ஏறி அதேபோல் இறங்கலாம். வழக்கமாக நடந்து ஏறி வாகனத்தில் இறங்கும் பழக்கத்தைத் தலைகீழாக மாற்றுவதால் பார்ப்பவர்களுக்குச் சோம்பல் போலத் தோன்றினாலும், தொடைத் தசைக்கு இதுதான் சரியான பாடம். அதனோடு விடுமுறைக்கு எட்டு வாரங்களுக்கு முன்பிருந்தாவது, வாரத்தில் இரண்டு அல்லது மூன்று தடவை, வீட்டிலேயே கொஞ்சம் பயிற்சி வேண்டும். மூன்று நான்கு விநாடி எடுத்து மெதுவாகக் குந்தி, சாதாரண வேகத்தில் எழும்புவது. ஒரு காலை முன்வைத்துத் தாழ்ந்து எழும்புவது. சுவரில் முதுகைச் சாய்த்து நாற்காலியில்லாமல் இருப்பது. ஒற்றைக் காலில் நின்று சமநிலை பழகுவது ஆகியவை போதும். பெரும்பாலானோர் மறந்துவிடுவது தொடையின் பின்தசையை. மல்லாந்து படுத்து, குதிகாலை ஊன்றி, இடுப்பை உயர்த்தி இறக்கும் எளிய பயிற்சி அதற்கு உதவும். கீழ்க்கால் எலும்பு முன்னோக்கி இழுபடாமல் பின்னிழுத்துப் பிடிப்பது அந்தத் தசையே என்பதால், முழங்காலுக்குள் இருக்கும் ஏசிஎல் என்ற தசைநாருக்கு அது துணையாக நிற்கிறது.

ஏசிஎல் என்ற பெயரை இங்கே சும்மா இழுக்கவில்லை. பனிச்சறுக்கில் பாரதூரமான காயங்களில் அடிக்கடி காணப்படுவது அந்தத் தசைநார் கிழிவதுதான். பெண்களுக்கு அந்த ஆபத்து ஆண்களைவிடக் கூடுதல். கிழிந்தால் திரும்பி ஓடியாட ஆறு மாதம் முதல் ஒரு வருடம் வரை பிடிக்கலாம். அது கிழிவதற்கு வேகமோ மோதலோ தேவையில்லை. பின்பக்கமாகச் சாய்ந்து, இடுப்பு முழங்காலுக்குக் கீழே இறங்கி, மலையின் மேல்பக்கமுள்ள கை பின்னால் போய், பாரம் முழுவதும் பள்ளத்தாக்குப் பக்க ஸ்கீயின் வால்பகுதியின் உள்விளிம்பில் விழுந்துவிட்டால், அந்த வால் ஒரு நெம்புகோலாக மாறி முழங்காலை முறுக்கிவிடுகிறது. அமெரிக்காவின் வெர்மான்ட்டைச் சேர்ந்த கார்ல் எட்லிங்கரும் அவருடைய சக ஆய்வாளர்களும் இந்த நிலையை ஒளிப்பதிவுகளிலிருந்து பிரித்தறிந்து, மலைக் காவலர்களுக்கும் பயிற்றுநர்களுக்கும் அதை அடையாளம் காணக் கற்பித்தார்கள். 1995இல் அவர்கள் வெளியிட்ட ஆய்வின்படி, அப்பயிற்சி பெற்றவர்களிடையே பாரதூரமான முழங்கால் காயங்கள் 62 விழுக்காடு குறைந்தன. அவர்கள் கற்பித்தவற்றின் சாரம் இதுதான்: சமநிலை குலையும்போது கைகளை முன்னால் கொண்டுவாருங்கள், கால்களைச் சேர்த்து வையுங்கள், விழுந்துவிட்டால் கால்களை விறைப்பாக நீட்டாதீர்கள், சறுக்கிக்கொண்டிருக்கும்போதே எழும்ப முயலாதீர்கள், சறுக்கல் முற்றாக நின்ற பிறகு எழும்புங்கள். விழாமல் தப்பிக்கும் முயற்சியைவிட ஒழுங்காக விழுந்துவிடுவது பல சமயங்களில் பாதுகாப்பானது.

அடுத்தது சப்பாத்து. சொந்தமாக ஒரேயொரு பொருள்தான் வாங்க முடியும் என்றால் அது சப்பாத்தாகவே இருக்கட்டும். ஸ்கீயை வாடகைக்கு எடுத்துக்கொள்ளலாம். கால் திரும்பும் திருப்பத்தை ஸ்கீக்குக் கடத்துவது சப்பாத்துத்தான். அது தளர்ந்திருந்தால் எவ்வளவு விலையுயர்ந்த ஸ்கீயும் சொன்னபடி கேளாது. பட்டறையில் நான் அதிகம் கண்ட தவறு சப்பாத்தைப் பெரிதாக எடுப்பது. கடையில் இதமாக இருக்கிறது என்று ஓர் அளவு கூட்டி எடுப்பார்கள்; மலையில் கால் உள்ளே ஆடும்; ஆடாமலிருக்கக் கொளுவிகளை இறுக்குவார்கள்; இரத்த ஓட்டம் தடைப்பட்டுக் கால் மரத்துக் குளிரும்; குளிர்கிறதென்று இரண்டாவது சோடிக் காலுறையைப் போடுவார்கள்; நிலைமை இன்னும் மோசமாகும். சப்பாத்தின் அளவு காலின் நீளத்தைச் சென்டிமீட்டரில் குறிக்கிறது, 26.5 என்றால் 26.5 சென்டிமீட்டர். உள்ளுறையைக் கழற்றிச் சப்பாத்தின் கடினமான வெளி ஓட்டுக்குள் காலை வைத்து, விரல்கள் முன்னே தொட நின்றால், குதிகாலுக்குப் பின்னால் ஒன்றரை முதல் இரண்டு சென்டிமீட்டர் இடைவெளி இருப்பது பொழுதுபோக்காகச் சறுக்குபவருக்குச் சரி. உள்ளுறையோடு அணிந்து நிமிர்ந்து நிற்கும்போது விரல்நுனி முன்சுவரை மெல்லத் தொட வேண்டும்; முழங்காலை முன்னே மடக்கியதும் அந்தத் தொடுகை விலக வேண்டும். காலுறை ஒன்றுதான், அதுவும் மெல்லியது. எலும்பு எங்காவது உரசினால் கடைக்காரர் அந்த இடத்து ஓட்டைச் சூடாக்கி வெளியே தள்ளித் தருவார். அதற்காக அளவைக் கூட்டத் தேவையில்லை. இந்த வேலைக்கு நேரம் பிடிக்கும் என்பதால், கடைகள் நெரிசலாகும் டிசம்பர் நடுப்பகுதிக்கு முன்னரே போய்விடுவது நல்லது.

ஏற்கெனவே சொந்தச் சப்பாத்து வைத்திருப்பவர் ஒக்டோபரிலேயே அதை எடுத்துப் பார்க்க வேண்டும். அந்த நெகிழி வருடக்கணக்கில் காற்றின் ஈரத்தை உறிஞ்சி உள்ளுக்குள் சிதைகிறது. வெளிப்பார்வைக்குப் புதிதாகத் தெரியும் பழைய சப்பாத்து, மலையில் முதல் அழுத்தத்திலேயே துண்டு துண்டாக உடைவதுண்டு. பத்து வருடத்தைத் தாண்டிய சப்பாத்தை, அது எவ்வளவு குறைவாகப் பயன்பட்டிருந்தாலும், நான் நம்ப மாட்டேன். உறவினர் ஒருவர் நிலவறையிலிருந்து எடுத்து அன்போடு தரும் சப்பாத்துக்கும் இது பொருந்தும். அடிப்பாகத்தின் முன்னும் பின்னும் நடந்து நடந்து தேய்ந்திருந்தாலும் கவனம் வேண்டும். தேய்ந்த அடி பைண்டிங்கிலிருந்து சரியாக விடுபடாது.

பைண்டிங் என்பது விழும்போது சப்பாத்தை ஸ்கீயிலிருந்து விடுவிக்கும் பொறி. அது எவ்வளவு விசையில் திறக்க வேண்டும் என்பது உங்கள் எடை, உயரம், வயது, சப்பாத்து அடியின் நீளம், நீங்கள் எவ்வளவு வேகமாகச் சறுக்குபவர் என்ற ஐந்தையும் கொண்டு ஒரு நியம அட்டவணைப்படி கணிக்கப்படுகிறது. ஐம்பது வயதைத் தொட்டவர்களுக்கு அந்த அட்டவணையே ஒரு படி தளர்த்திக் கொடுக்கிறது. ஆகவே படிவத்தை நிரப்பும்போது மெய் சொல்லுங்கள். எடையைக் குறைத்துச் சொல்பவருக்கு வேண்டாத இடத்தில் ஸ்கீ கழன்றுவிடும். சறுக்கும் திறமையைக் கூட்டிச் சொல்பவருக்குக் கழல வேண்டிய இடத்தில் கழலாது. பின்னது கூடுதல் ஆபத்து. சப்பாத்தை மாற்றினாலும், எடை கணிசமாக மாறினாலும், மீண்டும் கணிக்க வேண்டும். சொந்த ஸ்கீ வைத்திருப்பவர் வருடம் ஒருமுறை கடையில் கருவி கொண்டு சோதிப்பிக்க வேண்டும் என்பது சுவிஸ் விபத்துத் தடுப்பு ஆலோசனை நிலையத்தின் பரிந்துரை. சோதித்ததற்கு அடையாளமாகக் கடையில் ஓர் ஒட்டுவில்லையும் ஒட்டித் தருவார்கள். ஆனால் பைண்டிங் சரியாக இருந்தால் முழங்காலும் பாதுகாப்பு என்று எண்ணிவிடக் கூடாது. அது முதன்மையாகக் கீழ்க்கால் எலும்பு முறியாமல் காப்பதற்கு வடிவமைக்கப்பட்டது. நான் மேலே சொன்ன பின்சாய்ந்த விழுகையில் அது பெரும்பாலும் திறப்பதில்லை.

ஸ்கீயைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. நாடிக்கும் மூக்குக்கும் இடைப்பட்ட உயரத்தில் இருக்கும் ஸ்கீ இந்த வகைச் சறுக்குநருக்குத் திருப்ப எளிது. சொந்தமானதாயின் விளிம்புகளில் துரு இருந்தால் தீட்டி, அடிப்பகுதிக்கு மெழுகிட்டு வாங்குங்கள். தீட்டாத விளிம்பு ஜனவரியின் கடும்பனியில் பிடிக்காது. வளரும் பிள்ளைகளுக்கு வாங்கவே வேண்டாம். ஊர்க் கடைகளில் பருவம் முழுவதற்கும் வாடகைக்குத் தரும் ஏற்பாடு உண்டு, ஒக்டோபரிலேயே போனால் தெரிவும் இருக்கும். மிச்சப்படும் பணத்தில் முதல் நாள் அரைநாள் பயிற்றுநர் ஒருவரிடம் பாடம் எடுப்பது, புதிய ஸ்கீ தரும் பலனைவிடப் பெரிய பலனைத் தரும். பிள்ளைகளைப் பார்த்துப் பார்த்து நாமாகப் பழகிய பிழைகள், குறிப்பாகப் பயத்தில் பின்னால் சாயும் பழக்கம், பிறர் சொல்லாமல் திருந்துவதில்லை.

உடைகளில் பருத்தியை மட்டும் தவிர்த்துவிட்டால் மற்றவை அவரவர் வசதி. வியர்வையில் நனைந்த பருத்தி உலராமல் உடலைக் குளிர வைக்கும். தலைக்கவசம் சுவிஸில் சட்டப்படி கட்டாயமில்லை எனினும் ஏறக்குறைய எல்லோரும் அணிகிறார்கள்; கடுமையாக அடிபட்ட கவசத்தை மாற்றிவிட வேண்டும். வெயிலைப் பற்றி நம்மவர்களிடம் ஒரு தவறான நம்பிக்கை இருக்கிறது: நம் நிறத்துக்கு வெயில் பூச்சுத் தேவையில்லை என்பார்கள். ஒவ்வொரு 1,000 மீட்டர் உயரத்துக்கும் புற ஊதாக் கதிர் ஏறத்தாழ 10 விழுக்காடு கூடுகிறது. புதுப்பனி அதில் 80 விழுக்காடு வரை திருப்பி முகத்தில் அடிக்கிறது. கறுத்த தோலும் கருகும். கண்ணுக்கோ தோலின் நிறம் எவ்வித காவலும் தராது. ஆகவே பூச்சும் நல்ல கண்காப்பும் வேண்டும்.

இன்னொரு விடயம் நம் சமூகத்துக்குக் குறிப்பாகப் பொருந்துவது. தெற்காசியரிடையே நீரிழிவும் இதய நோயும் பிறரைவிட இளவயதிலேயே வருகின்றன. வருடம் முழுவதும் மேசை வேலை செய்துவிட்டு, 2,500 மீட்டர் உயரத்துக் குளிரில் திடீரென்று கடுமையாக உழைப்பது இதயத்துக்குச் சிறிய சோதனை அல்ல. குடும்பத்தில் இதய நோய் இருந்தாலோ, இரத்த அழுத்தம் இருந்தாலோ, இலையுதிர் காலத்திலேயே மருத்துவரிடம் பேசிவிடுங்கள். இன்சுலின் போடுபவர் அதை வெளிப்பையில் வைக்கக் கூடாது. உறைந்த இன்சுலின் பயன்படாது. உடலோடு ஒட்டிய உட்பையில் மருந்தையும், குளிரில் பிழையாக வேலை செய்யக்கூடிய குருதிச் சீனி அளவுக் கருவியையும் வைத்து, கையில் இனிப்பும் வைத்துக்கொள்ள வேண்டும்.

காப்புறுதியைப் பார்க்கச் சில நிமிடங்கள் போதும், ஆனால் பார்க்காமல் விட்டவர்களுக்கு வரும் கட்டணச் சீட்டு கனமானது. ஒரு முதலாளியிடம் வாரத்துக்கு எட்டு மணி நேரமாவது வேலை செய்பவருக்கு, வேலைக்கு வெளியே நிகழும் விபத்தும் கட்டாய விபத்துக் காப்புறுதியில் அடங்கும். வேலைக்குப் போகாத துணைவருக்கும் பிள்ளைகளுக்கும் அது இல்லை. அவர்களுடைய மருத்துவக் காப்புறுதியில் விபத்தும் சேர்க்கப்பட்டிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். அடிப்படை மருத்துவக் காப்புறுதி மீட்புச் செலவில் பாதியை மட்டுமே, அதுவும் வருடத்துக்கு 5,000 பிராங் வரைதான் ஏற்கும். 1952இல் தொடங்கப்பட்ட ரேகா வான்மீட்பு நிறுவனத்துக்கு வருடாந்த ஆதரவுத் தொகை கட்டியவர்களுக்கு, வேறு எந்தக் காப்புறுதியும் ஏற்காத மீட்புச் செலவை அது தள்ளுபடி செய்யக்கூடும். ஆனால் அது காப்புறுதி அல்ல, காப்புறுதியின் இடத்தில் வைக்கவும் கூடாது. அதன் அவசர இலக்கம் 1414. வாலே மாநிலத்தில் 144ஐ அழைக்க வேண்டும். எல்லை தாண்டி இத்தாலிக்குச் சறுக்கிப் போகிறவர், உதாரணமாக செர்மாட்டிலிருந்து செர்வீனியாவுக்கு இறங்குபவர், 2022 ஜனவரி முதல் அங்கே மூன்றாம் தரப்புப் பொறுப்புக் காப்புறுதி கட்டாயம் என்பதை அறிந்திருக்க வேண்டும்.

எப்போது போவது என்பதில் உங்களுக்குத் தெரிவு குறைவு. பாடசாலை விடுமுறை தீர்மானிக்கிறது. பெப்ரவரியில் மாநிலத்துக்கு மாநிலம் விடுமுறை வாரம் மாறினாலும், அயல்நாட்டவரும் சேர்வதால் மாதம் முழுவதும் நெரிசல்தான். பல இடங்களில் லிஃப்ட் அட்டையின் விலை இப்போது தேதிக்கும் தேவைக்கும் ஏற்ப மாறுகிறது. நாள் நிச்சயமானால் முன்கூட்டி வாங்குவது இலாபம், வானிலையைப் பார்த்துத்தான் போவேன் என்பவருக்கு அது ஆகாது. ஒத்திகைக்கு ஒரு ஞாயிறு கிடைக்குமானால் ஜனவரியில், விடுமுறைக்கு இரண்டு மூன்று வாரம் முன்பாகப் போங்கள். தசைநோவை அந்த ஒரு நாளிலேயே பட்டுத் தீர்த்துக்கொண்டால், விடுமுறையின் மூன்றாம் நாள் உங்களுக்கு இலகுவாக இருக்கும்.

மலைக்குப் போனபின் நடந்துகொள்ளும் விதிகளும் ஆயத்தத்தில் அடங்கும். சர்வதேச ஸ்கீ கூட்டமைப்பு 1967இல் வகுத்த ஒழுக்க விதிகள் பத்து. விபத்து வழக்குகளில் சுவிஸ் நீதிமன்றங்கள் அவற்றையே அளவுகோலாகக் கொள்கின்றன. அவற்றில் மனத்தில் நிறுத்த வேண்டியது, முன்னால் கீழே செல்பவருக்கே முன்னுரிமை என்பது. பின்னால் வருபவர்தான் ஒதுங்க வேண்டும். நிற்பதென்றால் பாதையின் ஓரத்தில், மேலிருந்து வருபவருக்குத் தெரியும் இடத்தில் நில்லுங்கள். நீலம், சிவப்பு, கறுப்பு என்ற நிறங்களைத் தவிர, சுவிஸில் மஞ்சள் குறியிட்ட இறக்கங்களும் உண்டு. அவை பனிச்சரிவிலிருந்து காக்கப்பட்டாலும் இயந்திரத்தால் சீர்செய்யப்படுவதில்லை, நாள் முடிவில் யாரும் சுற்றிப் பார்ப்பதுமில்லை. உங்களுக்கு அவை வேண்டாம். பிள்ளைகள் குறிகளுக்கு வெளியே போகக் கேட்டால், டாவோஸில் உள்ள பனிச்சரிவு ஆய்வு நிலையம் வெளியிடும் பனிச்சரிவு அறிக்கையை அவர்களோடு சேர்ந்து வாசியுங்கள். அதிலுள்ள ஐந்து ஆபத்துப் படிகளில் மூன்றாவது என்றால் நடுத்தரம் என்று எண்ணுவது கொடிய பிழை. உயிரிழப்புகளில் ஏறக்குறைய பாதி அந்த மூன்றாம் படியில்தான் நிகழ்கின்றன.

முதல் நாளில் அட்டைக்குக் கொடுத்த பணத்தை முழுவதும் எடுத்துவிட வேண்டும் என்ற கணக்கு மட்டும் வேண்டாம். காலையில் லிஃப்டின் மேல்நிலையத்தில் இறங்கியதும் ஐந்து நிமிடம் கைகால் அசைத்துச் சூடாக்கி, நீலப் பாதையில் தொடங்கி, கால் தளர்கிறது என்று தோன்றியதும் நிறுத்துங்கள். களைத்தபின் கிராமம் வரை இறங்கும் கடைசி ஓட்டம்தான் என் பார்வையில் நாளின் மிக மோசமான ஓட்டம்: தாழ்ந்த உயரத்தில் பனி உருகிக் குழைந்தோ, மாலையில் மறுபடி உறைந்து வழுக்கியோ இருக்கும், பாதை ஒடுங்கியிருக்கும், மலை முழுவதும் கலைந்து வரும் கூட்டம் அந்த ஒரே பாதையில் சேரும். கேபிள் பெட்டியில் கீழே இறங்குவதும் பெரும்பாலான இடங்களில் நாள் அட்டையில் அடக்கம். ஸ்கீயை வெளியிலுள்ள தாங்கியில் செருகிவிட்டு உட்கார்ந்து இறங்குங்கள், பிள்ளைகள் சறுக்கி வந்து கீழ்நிலையத்தில் உங்களுக்காகக் காத்திருக்கட்டும்.